கோல் வேற, அட்டாக் வேற

நாமக்கல்
14.7.2024

அண்ணாவுக்கு,

சரிதா எழுதறேனுங்ணா. இங்க ஊட்டுல எல்லாரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்குன்னு மைதிலி அண்ணி சொன்னாங்க. சத்தீஸ்கர்ல விடாத மழைன்னு கேள்விப்பட்டேன். உங்களுக்கு இருமல் கிருமல் வரலையே?

போன் இருக்கறப்ப இவ எதுக்குக் கடிதாசி எழுதறான்னு நெனைப்பீங்க. போன ஞாயித்துக்கிழமை போன்ல என்ன சொன்னீங்க? "உனக்கென்னடி பந்தாட்டம் தெரியும், டீ ஆத்தற வேலையைப் பாரு"ன்னீங்க. நான் கட் பண்ணிட்டேன். மறுநாள் கூப்பிட்டா உங்க போர்வெல் ரிக் வண்டி டவரே இல்லாத காட்டுக்குப் போயிருச்சு. அதுவும் நல்லதுக்குத்தான். கடிதாசின்னா நான் பேசறப்ப நீங்க குறுக்க பேச முடியாது. உங்க கம்பெனிக்குச் சாமான் ஏத்திட்டு வர்ற பெரியசாமி அண்ணன்கிட்டக் குடுத்து விடறேன்.

அன்னைக்குச் சொல்ல வந்ததை இப்ப முழுசாச் சொல்லீர்றேன். நம்ம காலேஜ் புள்ளைங்க ஏழு கோல் போட்டு ஜெயிச்சாளுக. நெசம்தான். தீபிகா மட்டும் அஞ்சு போட்டா. அதுவும் நெசம். ஆனா அது அட்டாக் இல்லீங்ணா. டிஃபென்ஸ்ல இருந்து ஓங்கி ஒரு உதை, பந்து தீபிகா தலைக்கு மேல போகுது, அவ எல்லாரையும் விட வேகமா ஓடி அடிச்சுர்றா. அன்னைக்கு எதிர்ல நின்னவளுக ஓடவே தெரியாதவளுக. எடது பக்கம் நித்யஸ்ரீன்னு ஒரு புள்ளை இருக்குது, காலுல பசை தடவின மாதிரி பந்து ஒட்டிக்கும். அது ஹாஃப் டைம் வரைக்கும் பந்தைத் தொட்டது நாலே தடவை. பதினோரு வருசமா பேக்கரி கல்லாவுல உக்காந்து எதுத்தாப்ல இருக்கற மைதானத்தைத்தான பாக்கறேன்? எனக்குத் தெரியாதா?

கடையில எல்லாரும் சிரிக்கறாங்க. நீங்களும் சிரிங்க. நல்ல டீம் ஒன்னு எதுக்க வரட்டும்.

உடம்பைப் பாத்துக்கங்க.

சரிதா

*

கொண்டாகாவ் பக்கம்
2.8.2024

அம்மிணிக்கு,

பெரியசாமி உன் கடிதாசியும் மைதிலி குடுத்த நெல்லிக்கா ஊறுகாயும் கொண்டாந்து சேத்தினான். இருமல் இல்லை. மழைக்கு வேலை நின்னு போய், கூட இருந்த பசங்க அத்தனை பேரும் ஊருக்குப் போயிட்டானுக. வண்டிக்கு ஒரு ஆள் வேணும்னு முதலாளி என்னை இருக்கச் சொல்லிட்டாரு. மாப்ள சிவக்குமாருக்கு முதுகு வலி எப்படி இருக்குது? லாரிக்கு பாடி கட்டற பட்டறையில குனிஞ்சே வேலை செஞ்சா வலிக்காம என்ன செய்யும்.

இப்ப விசயத்துக்கு வாரேன். அட்டாக்குன்னா என்ன அம்மிணி? கோல் போடறது. போன சீசன்ல இருந்து தீபிகா போட்டது பத்தொம்பது. பெரியசாமி கொண்டார பேப்பர்ல எல்லாம் வெட்டி வெச்சிருக்கறேன். பத்தொம்பது கோல் போடற புள்ளையை வெச்சுட்டு அட்டாக் சரியில்லைங்கறியே, உன்னை என்ன சொல்றது? நித்யஸ்ரீ நாலு தடவை தொட்டாளோ நாப்பது தடவை தொட்டாளோ, ஸ்கோர் போர்டுல அதெல்லாம் வராது. கோச் காளிதாஸ் சாருக்குத் தெரியாதது கல்லாவுல உக்காந்திருக்கற உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?

நீ விளையாடின காலத்துல ████████

கோவிச்சுக்காத. மழை விட்டதும் அடுத்த போர் பாயிண்ட்டுக்குப் போறோம். அம்மாளுக்கு மாத்திரை வாங்க மறந்துராத.

கதிர்வேல்

*

நாமக்கல்
27.8.2024

அண்ணாவுக்கு,

சுகம்தானுங்களா? இவரு முதுகுக்கு பெல்ட் போட்டிருக்காரு, பரவாயில்லை. அம்மாவை அண்ணி கூட்டிட்டு வந்து ரெண்டு நாள் விட்டுட்டுப் போனாங்க. மாத்திரை எல்லாம் இருக்குது.

நல்ல டீம் வரட்டும்னேனே, வந்துருச்சு. சேலத்துல இருந்து. பூஜ்யத்துக்கு ஒன்னுன்னு தோத்துட்டோம். தீபிகாவுக்கு முன்னாடி ஒருத்தி, பின்னாடி ஒருத்தி. மேட்ச் முடியறவரைக்கும் அவளுக ரெண்டு பேரும் அவளை விட்டு நகரவே இல்லை. நம்மாளுக மறுபடி மறுபடி அவளுக்கே தூக்கி அடிக்கறாளுக. அவ கோலுக்கு முதுகைக் காட்டிட்டு நின்னு பந்தை வாங்கறா, திரும்பறதுக்குள்ள புடுங்கிர்றாளுக. கடையில என்னமோ நான் சாபம் விட்ட மாதிரிப் பேசறாங்க. "கடைக்காரம்மா வாயை வெச்சாங்க, தோத்துட்டோம்"னு ஒருத்தர் பன்னைத் தின்னுட்டே சொல்றாரு.

நான் சொன்னது தீபிகா காதுக்கும் போயிருச்சுங்ணா. சாயங்காலம் மைதானத்துல இருந்து நேரா வந்தா. முழங்கால்ல ரத்தம் காஞ்சிருந்துச்சு.

"ஏனுங்க்கா, நான் இருக்கறதால டீம் கெட்டுப் போகுதுன்னு சொன்னீங்களாமே?"

எனக்கு வெக்கமாப் போச்சு. "அப்படிச் சொல்லலை சாமி. உன்னை நிக்க வெச்ச எடம் சரியில்லைன்னேன்."

"வேற எங்க நிக்கறது?"

கண்ணாடிப் பொட்டி மேல பிஸ்கட்டை வெச்சுக் காட்டினேன். நீ பத்தடி பின்னால வா. உன்னைக் காவல் காக்கற ரெண்டு பேரும் உன்கூடவே வருவாளுக. அவளுக நின்ன எடம் காலியாகும். நீ பந்தை வாங்கித் திரும்பினா முன்னாடி கோல் தெரியும். எடது பக்கம் நித்யஸ்ரீ, வலது பக்கம் தமிழினி, ரெண்டு பேரும் அந்தக் காலி எடத்துக்குள்ள ஓடட்டும். நீ குடு. அவளுக போடுவாளுக.

அவ ஒரு பிஸ்கட்டை இன்னும் கொஞ்சம் பின்னால நகத்தினா. "அப்ப நான் கோல் போட மாட்டேன்"னா. "கொறையும்"னேன். "சார்கிட்ட நீங்களே சொல்லுங்க்கா"ன்னா. முடியாதுன்னுட்டேன்.

நான் யாருங்ணா சொல்றதுக்கு? 2001ல பல்கலைக்கழக செலக்ஷன் மேட்ச்ல எடது பக்கம் ஆடி ரெண்டு கோல் போட்டேன். பின்னியிருக்கேன்னுதான் நெனைச்சேன். கடைசியில கேம்ப்புக்குக் கூப்பிடவே இல்லை. அந்த ஆவணியிலேயே கல்யாணம் ஆச்சு, மூணாவது வருசம் காலேஜ் பக்கமே போகலை. அன்னைக்கே என் கண்ணு என்னை ஏமாத்திருச்சு. இன்னைக்கு மட்டும் சரியாத் தெரியும்னு எப்படி நம்பறது? நீங்க சொல்ற மாதிரி எனக்குப் பந்து தெரியாதோ என்னமோ.

ஆமா, போன கடிதாசியில ஒரு வரியை மையால அடிச்சிருந்தீங்களே, என்னது அது?

சரிதா

*

கொண்டாகாவ்
22.9.2024

அம்மிணிக்கு,

நல்லா இருக்கறேன். நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும். மழை விட்டிருச்சு. ஒரு பள்ளிக்கூடத்துக்கு போர் போட்டோம், அறுநூறு அடி போயும் தண்ணி இல்லாம வெறும் மண் புகைதான் வந்துச்சு. எடம் மாத்திப் போட்டதுல தண்ணி பீச்சி அடிச்சிருச்சு. புள்ளைங்க எல்லாம் நனைஞ்சுட்டு ஆடுச்சுக.

வேலை அதிகம். அப்பறம் எழுதறேன்.

கதிர்வேல்

*

நாமக்கல்
30.10.2024

அண்ணாவுக்கு,

நாளைக்குத் தீவாளி நோம்பி, நீங்க இந்தத் தடவையும் வரலை. அண்ணி முறுக்குச் சுட்டுக் குடுத்திருக்காங்க, பெரியசாமி அண்ணன் வழியில பிரிக்காம இருந்தா வந்து சேரும்.

போன கடிதாசி எட்டே வரி. பந்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. நான் என்ன தப்பா எழுதிட்டேன்? மழையைப் பத்தி எழுத உங்களுக்கு நான் என்ன முதலாளியா? சண்டையாவது போடுங்க.

மண்டலப் போட்டியில தட்டுத்தடுமாறி மேல வந்துட்டோம். அரையிறுதி பெனால்டியில ஜெயிச்சது. நம்ம கோல்கீப்பர் ரெண்டு தடுத்தா. முன்னால இருந்தவளுக ஒன்னும் கிழிக்கலை. பிப்ரவரியில சேலத்துல மாநிலப் போட்டி. காளிதாஸ் சார் டீ குடிக்க வந்தாரு. "அட்டாக் எல்லாம் பிரமாதமா இருக்கு, அதிர்ஷ்டம்தான் இல்லை"ன்னு சொல்றாரு. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டுச் சில்லறையைக் குடுத்தேன். தீபிகா அவருக்குப் பின்னால நின்னுட்டு என்னையே பாத்தா. கண்ணை வேற பக்கம் திருப்பிக்கிட்டேன்.

உங்களுக்கு ஏதாவது வெசனம் இருந்தா எழுதுங்க. ஒளிக்காதீங்க.

சரிதா

*

ஜக்தல்பூர்
19.11.2024

சரிதா,

முறுக்கு வந்துச்சு. நான் நல்லாத்தான் இருக்கறேன். மூணு கடிதாசி எழுதிக் கிழிச்சுப் போட்டேன். இது நாலாவது. இதையும் கிழிக்கறதுக்குள்ள எழுதி முடிச்சர்றேன். அன்னைக்கு மையால அடிச்ச வரியும் இதுதான்.

நீ செலக்ஷன்ல தோக்கலை.

2001 மே மாசம், லீவுல. வாசல்ல நான் சைக்கிளுக்குக் காத்தடிச்சுட்டு இருந்தேன். தபால்காரர் உன் பேருக்கு ஒரு பழுப்புக் கவரைக் குடுத்துட்டுப் போனாரு. நீ அம்மாகூடச் சந்தைக்குப் போயிருந்த. பிரிச்சேன். பல்கலைக்கழக டீம் கேம்ப்புக்கு உன்னைக் கூப்பிட்டிருந்தாங்க. படிச்சுட்டு பாக்கெட்டுல வெச்சேன். நீ வந்தப்ப சொல்லலை. அப்பாகிட்டயும் சொல்லலை. யாருக்கும் சொல்லலை.

உனக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருந்த சமயம். கேம்ப்பு கீம்ப்புன்னு போனா சம்மந்தம் தட்டிப் போகும், உன் நல்லதுக்குத்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இருபத்திமூணு வருசமா அதையேதான் சொல்லிட்டு இருந்தேன். அது பொய். அதே வாரம் பசங்க டீம் லிஸ்ட்டும் வந்துச்சு. அதுல என் பேரு இல்லை. ஊரெல்லாம் நான் செலக்ட் ஆயிருவேன்னு சொல்லி வெச்சிருந்தேன். உனக்கு வந்துச்சு, எனக்கு வரலை. அவ்வளவுதான் காரணம். வேற ஒன்னுமே இல்லை.

நீ பந்தாட்டத்தைப் பத்திப் பேசினா எனக்கு ஏன் கோவம் வருதுன்னு இப்பத் தெரிஞ்சிருக்கும். நீ சொல்றது ஒவ்வொரு தடவையும் சரியா இருக்கும். அது சரியா இருக்கறப்ப எல்லாம் எனக்கு அந்தக் கவர் ஞாபகம் வரும். "என் கண்ணு என்னை ஏமாத்திருச்சு"ன்னு நீயே எழுதினதைப் படிச்சப்ப என்னால சோறு திங்க முடியலை. உன் கண்ணு ஏமாத்தலை அம்மிணி. நான்தான் ஏமாத்தினேன்.

உனக்கு என்ன எழுதணும்னு தோணுதோ எழுது. எழுதாம விட்டாலும் சரி.

கதிர்வேல்

*

நாமக்கல்
16.12.2024

அண்ணாவுக்கு,

கடிதாசி கிடைச்சது. அம்மா சுகம்.

ஒன்னே ஒன்னு கேக்கறேன். அந்தக் கடிதத்துல என்ன எழுதியிருந்துச்சு? ஒரு எழுத்து விடாம எழுதி அனுப்புங்க.

சரிதா

*

ஜக்தல்பூர்
1.1.2025

சரிதாவுக்கு,

அந்தக் கடிதம் இப்ப இல்லை. உன் கல்யாணத்துக்கு மறுநாள் மோகனூர்ல காவிரியில விட்டுட்டேன். ஆனா மறக்கலை. இப்படித்தான் இருந்துச்சு:

"செல்வி ப. சரிதா, இரண்டாம் ஆண்டு. பல்கலைக்கழக மகளிர் கால்பந்து அணியின் பயிற்சி முகாமிற்குத் தாங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள். ஆடுமிடம்: இடது முன்களம். மே 21 காலை 7 மணிக்குக் காலணி, சீருடையுடன் வந்து சேரவும்."

கீழ உங்க செலக்ஷன் மேடம் கையெழுத்து. கூடவே ஒரு பட்டியல், இருபத்திரெண்டு பேரு. உன் பேரு மூணாவது. பக்கத்துல பேனாவால யாரோ ஒரு நட்சத்திரம் போட்டிருந்தாங்க. வேற யார் பேருக்கும் அது இல்லை.

கதிர்வேல்

*

நாமக்கல்
26.1.2025

அண்ணாவுக்கு,

எல்லாரும் சுகம். இவரு முதுகு தேவலை.

உங்க கடிதாசியை ஷட்டரைப் பாதி இறக்கி வெச்சுட்டுப் படிச்சேன். அழுதேன். உங்களைத் திட்டினேன், வாய்விட்டே திட்டினேன். இவரு உள்ள இருந்து எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாரு. அப்பறம் பாத்தா நான் சிரிச்சுட்டு இருக்கறேன். மூணாவது பேருங்ணா! நட்சத்திரத்தோட! இத்தனை வருசமும் தோத்துப் போனவன்னே நெனைச்சுட்டு இருந்தேனே. என்னோட ரெண்டு கோலை அவங்க பாத்திருக்காங்க. நான் பின்னித்தான் இருக்கேன்.

உங்களை மன்னிச்சுட்டேன்னு எழுதலை. அது எப்ப வருதோ அப்ப வரும். அதுக்காக நான் காத்திருக்கப் போறதில்லை, எனக்கு வேலை கெடக்குது.

மறுநாள் காலையில கடையை இவர்கிட்ட விட்டுட்டு மைதானத்துக்குப் போனேன். பதினோரு வருசத்துல ரோட்டைத் தாண்டி உள்ள போனது அதுதான் முதல் தடவை. காளிதாஸ் சார் விசிலை வாயில வெச்சுட்டு நின்னாரு.

"என்னம்மா, டீ பாக்கியா?"

"இல்லீங்க சார். அட்டாக் சரியில்லை. அதைச் சொல்லிட்டுப் போக வந்தேன்."

சுத்தி நின்ன புள்ளைங்க சிரிச்சுட்டாளுக. சாரும் சிரிச்சாரு. "நீங்க யாரும்மா இதைச் சொல்ல?"

"2001 பல்கலைக்கழக டீம் கேம்ப்புக்குத் தேர்வானவ. லெஃப்ட் விங்."

அவரு விசிலைக் கீழ இறக்கினாரு. "சொல்லுங்க"ன்னாரு. மண்ணுல குச்சியால கோடு போட்டுச் சொன்னேன். தீபிகா வந்து பக்கத்துல உக்காந்துட்டு, "எனக்குச் சம்மதம் சார்"னா.

முதல் நாள் அலங்கோலம். ரெண்டாவது நாள் அதைவிட மோசம், நித்யஸ்ரீயும் தமிழினியும் ஒருத்தி மேல ஒருத்தி விழுந்தாளுக. சார் என்னைப் பாத்த பார்வையில நான் கடைக்கே ஓடிர்லாமான்னு பாத்தேன். ஒரு வாரம் கழிச்சு ஒரு நாள், தீபிகா பின்னால வந்து வாங்கித் திரும்பினா, நித்யஸ்ரீ உள்ள ஓடினா, பந்து அவ காலுக்கு முன்னாடி போய் நின்னுச்சு. கோல். அப்பறம் மறுபடியும். அப்பறம் மறுபடியும். பயிற்சி பாக்கறதுக்குன்னே ரோட்டுல பஸ்ஸை நிறுத்திட்டாரு ஒரு டிரைவர்.

பிப்ரவரி எட்டாந்தேதி சேலத்துல போட்டி ஆரம்பம்.

சரிதா

*

கொண்டாகாவ்
7.2.2025

அம்மிணி,

சுகம். நீ கடிதாசி எழுதினதே எனக்குப் போதும். இனி மேல கேக்கற யோக்கியதை எனக்கில்லை.

ஆனா ஒன்னு சொல்லாம இருக்க முடியலை. உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதா? பத்தொம்பது கோல் போட்ட புள்ளையை மாநிலப் போட்டிக்குப் போறப்பவா பின்னால தள்ளுவாங்க? எதுக்க நிக்கறவளுக தீபிகாகூடப் பின்னால வராம அங்கயே நின்னுட்டா என்ன பண்ணுவ? சொல்லு பாப்போம்!

நீதான சண்டை போடச் சொன்ன.

கதிர்வேல்

*

நாமக்கல்
24.2.2025

அண்ணாவுக்கு,

இங்க சுகத்துக்கு மேல சுகம். அம்மா, அண்ணி, இவரு, அத்தனை பேரும் தொண்டை கட்டிப் போய்க் கெடக்கறாங்க. எனக்கும் பேச்சு வரலை, அதனால எழுதறேன்.

உங்க கேள்விக்குப் பதில். அவளுக வராம நின்னாளுகன்னா தீபிகாவைத் தடுக்க ஆளில்லை, அவளே இருபதடி ஓடி அடிப்பா. முதல் ரவுண்டுல அப்படித்தான் ரெண்டு போட்டா. வந்தாளுகன்னா மத்த ரெண்டு பேரும் போடுவாளுக. காலிறுதி நாலு, அரையிறுதி மூணு.

நேத்து சூரமங்கலம் பக்கத்து மைதானத்துல ஃபைனல், கோயமுத்தூர் டீம்கூட. நாமக்கல்ல இருந்து ரெண்டு பஸ்ஸு. நான் பெஞ்சுல, காளிதாஸ் சாருக்குப் பக்கத்துல. ஆமாங்ணா, பெஞ்சுல. கழுத்துல அட்டை மாட்டி விட்டாங்க, "உதவிப் பயிற்சியாளர்"னு போட்டு.

பன்னண்டாவது நிமிசமே அவளுக ஒரு கோல் போட்டுட்டாளுக. நம்ம கூட்டம் கத்த ஆரம்பிச்சுது. "தீபிகாவை முன்னாடி போடு! தீபிகாவை முன்னாடி போடு!" ரெண்டு பஸ்ஸு ஜனமும் ஒரே குரல். ஹாஃப் டைம்ல சார் என் பக்கம் திரும்பினாரு. "என்னம்மா, மாத்திரலாமா?"

தோத்தா நாமக்கல்ல நான் கடை தொறக்க முடியாது. ஆனா கண்ணு முன்னாடி தெரியுதுங்ணா, அந்த ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது, தீபிகா பின்னாலயே ஓடி ஓடி. "மாத்த வேண்டாம் சார். இன்னும் பத்து நிமிசம்"னேன்.

ஏழு நிமிசம்தான் ஆச்சு. தீபிகா நடு மைதானத்துல பந்தை வாங்கித் திரும்பறா, அந்த ரெண்டு பேரும் அவ மேல விழறாளுக, நடுவுல கதவு தொறந்த மாதிரி ஒரு சந்து. நித்யஸ்ரீ அதுக்குள்ள பாய்ஞ்சா. எடது காலு. வலை குலுங்குச்சு. அடுத்தது தமிழினி, தலையால. கடைசி அஞ்சு நிமிசத்துல மறுபடியும் நித்யஸ்ரீ, கீப்பரைத் தாண்டி நடந்தே போய் வெச்சா. மூணு ஒன்னு. மூணுக்கும் பந்து குடுத்தது தீபிகா. "முன்னாடி போடு"ன்னு கத்தினவங்கதான் முதல்ல மைதானத்துக்குள்ள ஓடி வந்தாங்க. பன்னைத் தின்னுட்டே என்னைக் குறை சொன்னவரு என் கையைப் புடிச்சுட்டு அழறாரு.

நெறைய கோல் போட்டவளுக்குக் குடுக்கற கோப்பை ஒரே கோல் வித்தியாசத்துல தீபிகாவுக்குத் தப்பி, கோயமுத்தூர் புள்ளைக்குப் போயிருச்சு. பேப்பர்காரர் தீபிகாகிட்ட, "ஃபைனல்ல கோல் போடலையேன்னு வருத்தமா?"ன்னு கேட்டாரு. அவ, "மூணு போட்டோமே, நீங்க பாக்கலீங்களா?"ன்னா.

பெரிய கோப்பையைப் புள்ளைங்க என் கையிலயும் ஒரு நிமிசம் குடுத்தாளுக. கனம் ஜாஸ்திங்ணா. தலைக்கு மேல தூக்கினேன். தூக்கி, என்னை மறந்து கத்தினேன். என்ன கத்தினேன்னு எனக்கே தெரியாது. "உன் சொந்தப் பேரைத்தான் கத்தின"ன்னு இவரு சொல்றாரு.

முதல் வருசப் புள்ளைங்களுக்கு முன்களப் பயிற்சி குடுக்கச் சொல்லி காலேஜ்ல கேட்டிருக்காங்க. சரின்னுட்டேன். தினம் காலையில ஆறுல இருந்து எட்டு. அந்த நேரத்துல இவருதான் டீ போடறாரு, யாராலயும் குடிக்க முடியறதில்லை.

பங்குனியில லீவுன்னு பெரியசாமி அண்ணன் சொன்னாரு. வந்தீங்கன்னா எட்டு மணிக்கு முன்னாடி கடைக்கு வராதீங்க, நான் இருக்க மாட்டேன். நேரா மைதானத்துக்கு வாங்க. கோலுக்குப் பின்னால போற பந்தை எடுத்துப் போட ஒரு ஆள் வேணும்.

சரிதா
லெஃப்ட் விங்